வெள்ளவத்தையில் ஒரு லேத்தும் ஒரு மில்லிங் மெசினும்

கார்புரேட்டருக்குள் இறங்கும் ஒரு சின்னப் பித்தளை புஷ்ஷில்தான் இதெல்லாம் தொடங்கியது.

என்னிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. அப்பா ஓடிய கார். 948 சிசி இஞ்சின், எஸ்.யூ. கார்புரேட்டர். சில வருடங்களுக்கு முன் ஐட்லிங் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கத் தொடங்கியது. காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டில் தண்டு ஓடும் துளை தேய்ந்து, அந்த இடைவெளியால் இஞ்சின் காற்றை உறிஞ்சியது. வைத்தியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, பித்தளை புஷ் (சின்னக் குழாய்த் துண்டு) இறக்கி, தண்டின் அளவுக்கு ரீமர் (துளையைச் சீவி அளவாக்கும் கருவி) போட வேண்டும். ஒரு லேத் (உலோகத்தைச் சுற்றவிட்டுக் கடையும் மெசின்) பட்டறையில் கொடுத்தேன். மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்தது. புஷ்ஷைக் குறை சொல்ல முடியாது, அழகாகக் கடைந்திருந்தார்கள். ஆனால் இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் இல்லை. தண்டைச் செருகினால் பாதி வழியில் இறுகியது. லொறி ஆக்சிலும் பம்ப் ஷாஃப்ட்டும் வாசல்வரை அடுக்கியிருக்கும் இடத்தில் என் உள்ளங்கை அளவுச் சாமானுக்கு யார் அரை நாள் செலவழிப்பார்கள்? அது எனக்கும் விளங்கியது.

பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இங்கிலாந்தில் இருந்து ஒரு பார்சல் எடுப்பதென்றால் நெஞ்சு பதறியது. அந்த வருடம்தான், சின்னச் சாமான்களையாவது வீட்டிலேயே கடைய வேண்டும் என்று முடிவெடுத்தேன். லேத் 2023இல் வந்தது. மில்லிங் மெசின் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கழித்து. இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்காததை இன்றைக்கும் நல்ல முடிவென்றே நினைக்கிறேன். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் நாற்பது வருடம் லேத்தில் நின்ற ஒரு நானாவை எனக்குத் தெரியும். இப்போது கண் மங்கி வேலையை விட்டுவிட்டார். என்ன மெசின் வாங்கலாம் என்று அவரிடம் போய்க் கேட்டேன். அவர் மெசினைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "தம்பி, நீங்க என்ன கடையப் போறீங்க? அதச் சொல்லுங்க முதல்ல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. "ஒரு கொப்பி எடுத்து, ஒரு மாசத்துக்கு எழுதுங்க. என்ன சாமான், எவ்வளவு தடிப்பு, எவ்வளவு நீளம், என்ன மரை. எழுதிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

எழுதினேன். புஷ்கள், வொஷர்கள், ஸ்பேசர்கள், வைப்பர் பொறியின் சின்னத் தண்டு, தண்ணீர்ப் பம்பின் சீல் இருக்கை, பக்கத்து வீட்டு அக்காவின் தையல் மெசின் திருகு. ஏறக்குறைய எல்லாமே 50 மில்லிமீட்டர் தடிப்புக்கும் 150 மில்லிமீட்டர் நீளத்துக்கும் உள்ளே அடங்கின. இதைத் தாண்டியது ஒன்றே ஒன்று, 7 அங்குல பிரேக் ட்ரம். மரைகளைப் பார்த்தால் காரில் உள்ளது முழுக்க அங்குலக் கணக்கு, பெரும்பாலும் யூ.என்.எஃப். என்ற நெருக்கமான மரை. வீட்டுச் சாமான்களில் உள்ளது மில்லிமீட்டர். ஆகவே இரண்டு வகை மரையும் வெட்டத் தெரிந்த லேத் வேண்டும். இந்த ஒரு பக்கக் கொப்பி எனக்கு எத்தனையோ இலட்சத்தை மிச்சம் பிடித்துத் தந்தது என்று துணிந்து சொல்வேன். புதிதாக வாங்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலையும் இதுதான். கடையில் நின்று மெசினைப் பார்த்துவிட்டால், அதில் செய்யக்கூடிய வேலைகளைத்தான் மனம் கணக்குப் போடும். நமக்கு உள்ள வேலை மறந்துபோகும்.

அடுத்தது இடம். எங்கள் வீடு வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில். கார் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடி அறை. கதவு 2 அடி 8 அங்குலம். சாதாரண சீமெந்துத் தரை. கரண்ட் 230 வொல்ட், சிங்கிள் ஃபேஸ். ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும். இவ்வளவையும் அதே கொப்பியில் எழுதினேன்.

மூன்று லேத்துகளைப் பார்த்தேன்.

முதலாவது கிராண்ட்பாஸில் ஒரு பட்டறை மூடும்போது விற்ற இந்திய லேத். ஆறடி பெட் (அடித்தளம்), 3 குதிரைவலு த்ரீ ஃபேஸ் மோட்டர். மூன்றிலும் விலை குறைந்தது அதுதான். வார்ப்பிரும்பு அவ்வளவு கனமாக இருந்தால் வெட்டு அதிராது, ஆசை வருவது நியாயம். ஆனால் எடை முக்கால் தொன்னுக்குக் குறையாது. என் கதவுக்குள் போகாது, போனாலும் மோட்டருக்குக் கரண்ட் இல்லை. மூன்றங்குல ஷாஃப்ட் கடைவதற்கென்று கட்டிய மெசினில் 6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி கடைய, அதற்கு வேண்டிய வேகமும் வராது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது புதிய சீன மினி லேத். மேசையில் வைக்கலாம், 40 கிலோ அளவுதான், பொத்தானைத் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நண்பர் ஒருவரிடம் இருந்தது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதில் வேலை செய்து பார்த்தேன். பித்தளையிலும் அலுமினியத்திலும் குறை சொல்ல இல்லை. 25 மில்லிமீட்டர் உருக்குக் கம்பியை வெட்டித் துண்டாக்கப் போனபோதுதான் அதன் எல்லை தெரிந்தது. டூல் உள்ளே போகப் போக மெசின் முழுக்க உறுமியது, வெட்டிய முகம் அலை அலையாக வந்தது. இந்த வகையில் வாங்குவதென்றால் ஒரு படி பெரியதை, 210 முதல் 250 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள துண்டு சுற்றும் மேசை லேத்தை வாங்குவது நல்லது. ஸ்பிண்டிலின், அதாவது சுற்றும் தண்டின், துளை 38 மில்லிமீட்டர் உள்ளவையும் வருகின்றன. நீளக் கம்பியை அப்படியே உள்ளே விட்டுக் கடையலாம், அது பெரிய வசதி. மூன்றாவது லேத் கிடைத்திராவிட்டால் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

மூன்றாவது மைஃபோர்ட் எம்.எல்.7. இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பக்கம் பீஸ்டனில் செய்தது. 1946இல் முதலில் வந்த மொடல், வீட்டுப் பட்டறைக்காரர்கள் மத்தியில் இன்றும் பெயர் உள்ளது. தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நுகேகொடை வீட்டில் வைத்திருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டை விற்கப் போகிறார். நானாவையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

அந்த அரை நாளை விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய லேத் வாங்கும் ஒருவருக்கு உண்மையில் உதவக்கூடியது அதுதான்.

படங்கு விலக்கியதும் நான் பார்த்தது பச்சைப் பெயின்ட். நானா அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டொக்குக்குக் கிட்டப் பெட்டின் விளிம்பில் பெருவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். "இங்க வாங்க, நகத்த வைங்க" என்றார். நகம் ஒரு சின்னப் படியில் தட்டியது. டூலைத் தாங்கும் சாடில் ஓடிய பகுதிக்கும் ஓடாத பகுதிக்கும் இடையில் தேய்ந்த படி. எல்லா லேத்தும் துண்டைப் பிடிக்கும் சக்கின் பக்கத்தில்தான் அதிகம் வேலை செய்யும், அங்கேதான் முதலில் தேயும். படி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதை அளக்க அவர் கருவி எதுவும் எடுக்கவில்லை. சாடிலைச் சக்கின் அருகில் கொண்டுவந்து, சாடிலின் ஆட்டத்தைச் சரிசெய்யும் பக்கத்துக் கிப் திருகுகளை ஆட்டம் இல்லாமல் இறுக்கினார். பிறகு கைச்சில்லைச் சுற்றி மறுமுனையில் உள்ள டெயில்ஸ்டொக் பக்கம் ஓட்டச் சொன்னார். பாதி தூரத்தில் இறுகத் தொடங்கியது, கடைசியில் இரண்டு கையாலும் சுற்ற வேண்டியிருந்தது. ஆனால் போய்ச் சேர்ந்தது. "போகுது. அப்ப வாங்கலாம். நடுவுல நிண்டிருந்தா வாணாம் எண்டிருப்பன்" என்றார்.

பிறகு ஸ்பிண்டில். எம்.எல்.7இல் உருளை பெயாரிங் கிடையாது, வெள்ளை உலோகப் பெயாரிங். சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடும் கிண்ணம் இரண்டு மேலே நிற்கும். சக்கில் ஓரங்குலக் கம்பி ஒன்றைப் பிடித்து, சக்கின் உடம்பில் டயல் கேஜை வைத்து, கம்பியைக் கையால் மேலே தூக்கினார். முள் இரண்டு தவ் நகர்ந்தது. தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, எங்கள் பட்டறைகளில் அப்படித்தான் சொல்வார்கள். பெயாரிங் தொப்பியின் கீழ் உள்ள மெல்லிய தகடுகளில் ஒன்றை உரித்தால் இந்த ஆட்டத்தைக் குறைக்கலாம். இது குற்றம் இல்லை, பராமரிப்பு. எண்ணெய்க் கிண்ணம் காய்ந்து, பெயாரிங் வழியே கறுப்பாக வந்திருந்தால் அது வேறு கதை.

வேகத்தைக் குறைக்கும் பேக் கியரை ஒவ்வொரு பல்லாகச் சுற்றி டோர்ச் அடித்துப் பார்த்தார். இந்த லேத்தில் சக் மரையில் ஏறி நிற்கும். கழற்ற முடியாமல் இறுகினால் சிலர் பேக் கியரையும் பெல்ட்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டு நெம்புவார்கள், பல் உடைந்துவிடும். எங்களுடையதில் எல்லாப் பல்லும் இருந்தது. மரை வெட்டும்போது சாடிலை ஓட்டும் லீட் ஸ்குரூவின் மரை சக்கின் பக்கத்தில் கூர்மையாகத் தேய்ந்திருக்கிறதா, அதைக் கவ்வும் ஹாஃப் நட் பிடித்தால் குலுங்குகிறதா என்று பார்த்தோம். மூன்று தாடைச் சக்கின் தாடைகள் வாயில் விரிந்து தேய்ந்திருந்தன, அது பரவாயில்லை என்றார். மாற்றுச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லை எண்ணினோம். 20இல் இருந்து 75 வரை ஐந்தைந்தாக இருக்க வேண்டும், இரண்டு இல்லை. மில்லிமீட்டர் மரை வெட்ட உதவும் 21 பல் சில்லு மட்டும் பெட்டியின் அடியில் கிடந்தது. நான் சந்தோஷப்பட்டது அதற்குத்தான். எம்.எல்.7இன் லீட் ஸ்குரூ அங்குலத்துக்கு 8 மரை. அதிலிருந்து மில்லிமீட்டர் மரை துல்லியமாக வர 127 பல் சில்லு வேண்டும். ஆனால் 21 பல்லைச் சேர்த்து 63க்கு 200 என்ற விகிதம் கட்டினால், 100 மில்லிமீட்டர் நீளத்தில் வரும் பிழை நூறில் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வீட்டு வேலைக்கு அது கண்ணிலேயே படாது.

கடைசியில் ஓட்டிப் பார்த்தோம். டெயில்ஸ்டொக் பிடிக்காமல் 100 மில்லிமீட்டர் நீளம் மெல்லியதாகக் கடைந்து இரு முனையையும் மைக்ரோமீட்டரால் அளந்தோம். வித்தியாசம் இருந்தது, ஆனால் மெசின் மரமேசையில் வளைந்து நின்றதால் அதை அங்கே வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஓடும்போது எழும் சத்தத்தை நானா கண்ணை மூடிக் கேட்டார். அவர் தலையாட்டிய பிறகுதான் நான் விலை பேசினேன்.

விலையில் லேத்தைவிட முக்கியமான ஒன்று அதோடு வந்த மரப்பெட்டிகள். நான்கு தாடைச் சக், முகத்தட்டு, ஸ்டெடி இரண்டு வகை, துளைச் சக், போரிங் பார், செங்குத்து ஸ்லைட், அரைத்த டூல்கள் ஒரு சிகரெட் டின் நிறைய. இவற்றைத் தனித்தனியே வாங்கியிருந்தால் மெசினுக்குக் கொடுத்த காசைத் தாண்டியிருக்கும். வெறும் லேத்தை மலிவாக வாங்கிவிட்டுப் பிறகு ஒவ்வொரு துணைச்சாமானாகத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். லேத்துக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ அதே அளவு சாமான்களுக்கும் ஒதுக்குங்கள் என்பதை நான் எல்லாருக்கும் சொல்லி வருகிறேன்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. ஸ்பிண்டில் துளை 15 மில்லிமீட்டர்தான், அதற்கு மேல் தடிப்புள்ள கம்பி உள்ளே போகாது, துண்டாக வெட்டித்தான் பிடிக்க வேண்டும். உச்ச வேகம் நிமிடத்துக்கு 640 சுற்று. சின்ன விட்டத்துக்கு அது போதவே போதாது. டயல் எல்லாம் அங்குலம். பெட்டில் உள்ள இடைவெளியால் 10 அங்குலம் வரை சுற்றும் என்பதால் பிரேக் ட்ரம் ஏறியது, அது ஒரு ஆறுதல்.

ஏற்றி இறக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சக், டெயில்ஸ்டொக், மோட்டர் எல்லாம் கழற்றி, எடை நடுவில் வரச் சாடிலைக் கடைசிக்கு ஓட்டி, பெல்ட்டைப் பெட்டின் அடியால் போட்டு நான்கு பேர் தூக்கினோம். லீட் ஸ்குரூவில் யாரும் கை வைக்கவே கூடாது, வளைந்தால் எல்லாம் போச்சு.

வீட்டில் நிறுத்தியதும் முதல் கிழமை என்னைச் சோதித்தது. கடைந்த கம்பி ஒரு முனையில் 0.03 மில்லிமீட்டர் தடிப்பாகவே வந்தது. ஹெட்ஸ்டொக் பிழை என்று பயந்துபோனேன். பிறகுதான் விளங்கியது, ஸ்டாண்டில் போல்ட் இறுக்கியபோது பெட் ஒரு கயிற்றைப் போல முறுக்கிக்கொண்டது. குளிர்பானக் கேன் தகடு 0.1 மில்லிமீட்டர் அளவு தடிப்பு. அதைக் கத்தரித்து டெயில்ஸ்டொக் பக்கத்து ஒரு காலின் கீழ் ஒன்று, பிறகு இன்னொன்று என்று வைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு வெட்டுப் போட்டு அளந்து, ஐந்தாவது நாள் இரு முனையும் ஒன்றாக வந்தன. மட்டக்குழாய் பார்த்து முடித்துவிட்டேன் என்று இருந்திருந்தால் இது வந்திருக்காது. கம்பி கடைந்து அளப்பதே கடைசிச் சோதனை.

கரண்ட் விசயம். பழைய சொந்தக்காரர் முக்கால் குதிரைவலு த்ரீ ஃபேஸ் மோட்டர் போட்டிருந்தார். தகட்டில் 230/400 என்று இருந்தது, அதுதான் பார்க்க வேண்டிய இடம். அப்படி இருந்தால் மோட்டரின் இணைப்பை ஸ்டாரில் இருந்து டெல்டாவுக்கு மாற்றி, சிங்கிள் ஃபேஸ் கரண்டை எடுத்து த்ரீ ஃபேஸாகத் தரும் ஒரு வி.எஃப்.டி. பொக்ஸால் ஓட்டலாம். வேகத்தையும் பொத்தானில் மாற்றலாம், 640க்கு மேலும் கொஞ்சம் ஏற்றலாம். 400 மட்டும் எழுதியிருந்தால் இந்த வழி சுலபம் இல்லை. பொருத்திய அன்று வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தது, மீண்டும் மீண்டும் விழுந்தது. வி.எஃப்.டி.க்குள் உள்ள ஃபில்டர் கொஞ்சக் கரண்டை எர்த்துக்குக் கசிய விடும், வீட்டில் உள்ள 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அதைப் பிடித்துக்கொள்கிறது. சுவிட்ச்சைத் தாண்டி நேராகக் கொடுக்கலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். தெரிந்த எலெக்ட்ரிஷன் ஒருவரைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுத்து, வி.எஃப்.டி.க்கு ஏற்ற வகை ட்ரிப் சுவிட்ச் போட்டு, எர்த்தையும் புதுப்பித்தேன். இன்னொன்று: மரையில் ஏறும் சக் என்பதால் வி.எஃப்.டி.யின் நிறுத்தும் நேரத்தைக் கூட்டி வைத்தேன். சடாரென்று பிரேக் பிடித்தால் சக் கழன்று வந்து காலில் விழும். இதே காரணத்தால் தலைகீழாகச் சுற்றவிட்டு வெட்டுவதும் கிடையாது.

கடல் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஒழுங்கையில் யன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் அரித்துவிடும். லேத் வந்த வருடம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், இரவு வேலை முடித்துக் கைபட்ட சக்கைத் துடைக்காமல் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் சக்கின் மேல் என் ஐந்து விரலும் மண்ணிறமாகப் பதிந்திருந்தது, ரேகை தெளிவாகத் தெரியும் அளவுக்கு. வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து செய்த வேலை. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கடைசிப் பத்து நிமிடம் துடைப்புக்குத்தான். தூரிகையால் இரும்புத்தூளைத் தட்டி, மெல்லிய துணியால் 68ஆம் நம்பர் ஸ்லைட்வே எண்ணெய் பூசுவேன். பெட்டிலும் அதே எண்ணெய். தெளிக்கும் டப்பா எண்ணெய்களை நம்பவில்லை, அவை சீக்கிரம் உலர்ந்துவிடுகின்றன. பிளாஸ்டிக்கால் மூடக் கூடாது, உள்ளே ஈரம் தங்கி மூடாததைவிட மோசமாகும். பழைய பருத்திப் படுக்கை விரிப்புத்தான் நல்லது. மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் சின்ன அலுமாரிக்குள், குறைந்த வொட் பல்ப் ஒன்று எந்நேரமும் எரியும். எங்கள் வீட்டில், "இஞ்சேருங்கோ, சாரத்திலயும் எண்ணெய், துவாயிலயும் எண்ணெய்" என்ற முறைப்பாடு மட்டும் இன்னும் தீரவில்லை.

சாரம் என்றதும் ஒன்று. வீட்டுப் பட்டறை என்பதால் சாரத்தோடு லேத்துக்கு முன்னால் போய் நிற்கத் தோன்றும். ஒருநாளும் வேண்டாம். சுற்றும் சக்கும் லீட் ஸ்குரூவும் துணியைப் பிடித்தால் விடாது. கட்டைக் காற்சட்டை, கையில்லாத பெனியன், சப்பாத்து, கண்ணாடி. மோதிரமும் மணிக்கூடும் கதவுக்கு வெளியே. சக் சாவி ஒன்றில் கையில் இருக்க வேண்டும், அல்லது ஆணியில் தொங்க வேண்டும். சக்கில் விட்டுவிட்டுத் திரும்புவது என்ற பழக்கம் தொடங்கவே கூடாது.

முதல் வருடம் லேத் மட்டும். டூல் அரைக்கப் பழகினேன், டூலின் நுனியைச் சரியாக மையத்துக்கு வைக்கப் பழகினேன். வேகத்துக்கு ஒரு சுலபக் கணக்கு வைத்திருக்கிறேன்: மென்னுருக்கை ஹை ஸ்பீட் டூலால் கடையும்போது 8,000ஐ மில்லிமீட்டர் விட்டத்தால் வகுத்தால் சுற்று வேகம் வரும். 25 மில்லிமீட்டர் கம்பிக்கு 320. பித்தளைக்கு அதில் இரண்டு மடங்கு. கம்பியை வெட்டித் துண்டாக்கும் வேலை என்னை மிகவும் பயமுறுத்தியது. டூல் உள்ளே இழுபட்டு முறிந்தது, மூன்று முறை. மைஃபோர்ட் ஆட்கள் செய்யும் ஒரு முறையை நானும் செய்தேன்: டூலைக் குறுக்கே நகர்த்தும் குரொஸ் ஸ்லைட்டின் பின்பக்கம் ஒரு டூல் போஸ்ட் செய்து, வெட்டும் டூலைத் தலைகீழாகப் பொருத்தினேன். தூள் கீழே விழும், டூல் இழுபடாமல் விலகிக்கொடுக்கும். 25 மில்லிமீட்டர் உருக்கு வெண்ணெய்போல் வெட்டுப்பட்டது. நண்பரின் மினி லேத்தில் உறுமிய அதே கம்பி.

இரும்பு, பித்தளைக் கம்பிகளைப் பழைய சோனகத் தெருவிலும் மெசஞ்சர் வீதியிலும் துண்டாக வாங்குவேன். வெட்டிப் போட்ட துண்டுகள் கிலோ கணக்கில் கிடைக்கும் இடங்களைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள், பழகும் காலத்தில் எவ்வளவு வீணாகும் என்று முதலில் தெரியாது.

இனி மில்லிங் மெசின். லேத்தில் துண்டு சுற்றும், இதில் கட்டர் சுற்றும். ஏன் காத்திருந்தேன் என்றால், செங்குத்து ஸ்லைட்டை லேத்தில் பூட்டினால் சின்ன மில்லிங் வேலைகளைச் செய்யலாம். சாவிக்காடி வெட்டலாம், ஒரு முகத்தை மட்டமாக்கலாம். மெதுவாகத்தான் போகும், அதிரும், பெரிய துண்டு பிடிக்காது. ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் எனக்கு என்ன அளவு மேசை வேண்டும், ஸ்பிண்டிலுக்கும் மேசைக்கும் இடையில் எவ்வளவு உயரம் வேண்டும் என்பது கையால் தெரிந்தது. முதல் நாளிலேயே வாங்கியிருந்தால் சின்னதை வாங்கியிருப்பேன். உயரத்தைப் பலர் கவனிப்பதில்லை. வைஸ் ஒரு 80 மில்லிமீட்டர், துளைச் சக்கும் ட்ரில்லும் சேர்ந்து 170, இடையில் வேலைத் துண்டு. காகிதத்தில் தாராளமாகத் தெரிகிற உயரம் கண்முன்னே கரைந்துவிடும்.

லேத்தைப் பழையதாக வாங்கிய நான் மில்லிங் மெசினைப் புதிதாகத்தான் வாங்கினேன். கொழும்பில் பழையதாக வந்தவை பெரிய டரட் மில்கள், ஒரு தொன் அளவு எடை, என் அறைக்குச் சரிவராது. சின்னதில் வந்த பழையது ஒன்று, உருண்டைத் தூண் வகை. அந்த வகையில் தலையை ஏற்றி இறக்கினால் தூணைச் சுற்றித் திரும்பிவிடும், முதலில் பிடித்த மையம் போய்விடும். ட்ரில்லைப் போட்டுத் துளைத்துவிட்டுத் தலையை உயர்த்தி ரீமர் போடப் போனால் துளை இருந்த இடம் தப்பிவிடும். என் கார்புரேட்டர் வேலையே அதுதானே. ஆகவே தலை திரும்பாமல் நேராக ஏறி இறங்கும் டவ்டெயில் தூண் உள்ளதைத்தான் வாங்குவேன் என்று இருந்தேன்.

ஸ்பிண்டிலில் கட்டரைப் பிடிக்கும் கூம்புத் துவாரம் எம்.டி.3 வகையிலும் வருகிறது, ஆர்8 வகையிலும் வருகிறது. எனக்கு ஆர்8. எம்.டி.3 இறுகிக்கொண்டால் மேலே இருந்து சுத்தியலால் தட்டித்தான் கழற்ற வேண்டும், ஒவ்வொரு தட்டும் பெயாரிங்குக்குப் போகும். ஆர்8 போல்ட்டைத் தளர்த்தி இலேசாகத் தட்டினாலே விட்டுவிடும். லேத்தில் உள்ள எம்.டி.2 சாமான்களை மில்லில் பாவிக்க முடியாமல் போகிறதே என்று யோசித்தேன், ஆனால் ஒரு ஈ.ஆர்.32 கொலெட் சக் வாங்கினால் 2 முதல் 20 மில்லிமீட்டர் வரை எல்லாக் கட்டரும் பிடிக்கலாம். அதோடு 100 மில்லிமீட்டர் வைஸ், 6, 10, 12 மில்லிமீட்டர் கட்டர்கள், கிளாம்ப் செட், விளிம்பு பிடிக்கும் கருவி. இவ்வளவும் முதல் நாளுக்குப் போதும்.

150 கிலோ அளவுள்ள ஒரு மெசினை ஒரு கடையில் ஓடர் கொடுத்து எடுத்தேன். இங்கே எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். கடையில் மெசினைப் பெட்டியோடு காட்டினார்கள், நானும் நம்பிப் பணம் கட்டினேன். வீட்டில் திறந்து, சிவப்பு கிரீசை மண்ணெண்ணெயால் கழுவி, ஸ்பிண்டிலில் டயல் கேஜைப் பொருத்தி மேசையில் ஒரு வட்டம் சுற்றினேன். 200 மில்லிமீட்டர் விட்டத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் 0.2 மில்லிமீட்டர் வித்தியாசம். தலை முன்னால் குனிந்து நின்றது. இடம் வலம் சரிவுக்குத் தலையைத் திருப்பிச் சரிசெய்யலாம், முன் பின் குனிவுக்குத் தூணின் அடியில் தகடு வைப்பதைத் தவிர வழி இல்லை. கடைக்காரருக்குச் சொன்னால் இரண்டு மாதம் இன்றைக்கு நாளைக்கு என்று போனது. கடைசியில் நானே தூணைத் தளர்த்தித் தகடு வைத்துச் சரிசெய்தேன், இப்போது வித்தியாசம் 0.02க்குள். பணம் கட்டும் முன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு டயல் கேஜைக் கையில் கொண்டுபோங்கள். மேசையை இழுத்துத் தள்ளி ஆட்டம் பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

மேசை ஸ்குரூவின் ஆட்டம் எதற்கு முக்கியம் என்பதை ஒரு அலுமினியத் துண்டு எனக்குக் காட்டியது. 10 மில்லிமீட்டர் கட்டரால் பக்கத்தை வெட்டிக்கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது கைச்சில்லை மறுபக்கம் சுற்றி, அதே பக்கத்தில் இன்னொரு வெட்டு. அந்தத் திசையில் கட்டரின் பல் துண்டை எனக்கு எதிராகத் தள்ளாமல் தன்னோடு சேர்த்து இழுக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஸ்குரூவில் இருந்த ஆட்டம் முழுவதையும் மேசை ஒரே தாவலில் தாவியது. டக் என்று ஒரு சத்தம். கட்டரின் ஒரு பல் போய்விட்டது, துண்டில் ஆழமான குழி, வைஸில் அது கோணலாக நின்றது. கை நடுங்கியது. அன்றிலிருந்து பருமனாக வெட்டும்போது கட்டருக்கு எதிராகத்தான் மேசையை ஓட்டுவேன். சேர்ந்து ஓடும் வெட்டு, கடைசி மெல்லிய சீவலுக்கு மட்டும், மேசைப் பூட்டைக் கொஞ்சம் இறுக்கி வைத்துக்கொண்டு.

ஒரு எல்லையையும் நான் எனக்குப் போட்டிருக்கிறேன். மொரிஸ் மைனரின் முன் சில்லைத் தாங்கும் ட்ரன்னியன் தேய்ந்தால் சில்லு மடிந்து விழும், அந்தக் காரை வைத்திருக்கும் எல்லாருக்கும் அது தெரியும். ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. கடைந்து பார்க்க ஆசைதான். ஆனால் உலோகம் எது, எப்படிச் சூடாக்கியது என்று தெரியாமல் ஒரு உயிர் தங்கியிருக்கும் சாமானை வீட்டில் செய்ய மாட்டேன். அதை வாங்கித்தான் போடுவேன், எவ்வளவு விலையானாலும்.

கார்புரேட்டருக்குப் போன மார்கழி விடுமுறையில்தான் நேரம் கிடைத்தது. உடலை வைஸில் நேரடியாகப் பிடிக்காமல், இஞ்சினில் பூட்டும் முகம் படும்படி ஒரு கோணத் தட்டில் பூட்டி, தேயாத ஒரு பகுதியைப் பிடித்து மையம் எடுத்தேன். ஒரே நிறுத்தத்தில், எதையும் கழற்றாமல், மேலிருந்து கீழ்வரை இரண்டு பக்கத் துளையையும் ஒரே போரிங் பாரால் பெரிதாக்கினேன். லேத்தில் கடைந்த இரண்டு புஷ்ஷையும் இறக்கி, தலையை உயர்த்தி, ரீமரைப் போட்டு, கையால் மெதுவாக ஒரு தடவை. தலையை உயர்த்தியும் மையம் அசையவில்லை. தண்டைச் செருகினேன். தன் எடையில் தானாக இறங்கி மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

பூட்டி ஸ்டார்ட் செய்து, அரை மணி நேரம் சூடாக விட்டேன். தண்டின் இரு முனையிலும் தூரிகையால் பெற்றோல் தொட்டுப் பார்த்தேன், இஞ்சினின் சத்தம் மாறவில்லை. காற்று எங்கும் போகவில்லை. அடுத்த நாள் பஞ்சிகாவத்தைக்கு அந்தக் காரிலேயே போனேன். நானா வெளியே வந்து பொனட்டைத் திறக்கச் சொன்னார். கண் தெரியாது என்பதால் விரலால் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். பிறகு, "ரீமர் போட முந்தி எவ்வளவு விட்டீங்க?" என்று கேட்டார். நாலு தவ் என்றேன். "ரெண்டு போதும். அடுத்த முறை ரெண்டு விடுங்க" என்றார்.

நண்பரின் 1962 மைனரின் கார்புரேட்டர் இப்போது என் மேசையில் கிடக்கிறது. அதற்கு இரண்டு விடப் போகிறேன்.